ஒன்பது மாடிக்குள் ஓர் அறிமுகம்

தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள லிஃப்ட்காரருக்கு இரண்டு தாள் பிடித்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் இருபத்தெட்டு வருடமாக ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பவருக்கு அரைத் தாளே தாராளம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நான்காம் மாடி டைப்பிஸ்ட் அம்மா விடவில்லை.

"முதல்ல வாழ்க்கை வரலாறு, அப்புறம் பொழுதுபோக்கு, கடைசியா கொள்கை. வேலைக்கு மனு போடுறவங்க அப்படித்தான் எழுதுவாங்க."

"வேலைக்கு இல்லம்மா, மகளுக்கு."

"அப்ப இன்னும் ஒழுங்கா எழுதணும்."

மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது அவரும் மனைவியும் பிரிந்தார்கள். மனைவி குழந்தையோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். யார் மேல் தப்பு என்று கேட்டால் பாதிப் பழியை இவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் மீதியையும். போன வாரம் அந்தக் குழந்தை இருபத்தாறு வயதுக் குரலில் தொலைபேசியில் பேசியது.

"சனிக்கிழமை அந்தப் பக்கம் வர்றேன். பஸ்ஸுக்கு நடுவுல ஒரு மணி நேரம் இருக்கும். உங்களப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க யாருன்னு சொல்லுங்க. மறுபடி வரலாமா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கிறேன்."

சனிக்கிழமை பிற்பகல் கட்டடமே கண் சொருகிக் கிடந்தது. கீழ்த்தளத்து கேன்டீனில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். "உக்காருங்க" என்று பெற்ற மகளிடமே மரியாதை காட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தாளைப் பிரித்தார், நிமிர்ந்தார். அவருடைய நெற்றியும் அவருடைய புருவமும் எதிரே இருந்து அவரையே பார்த்தன. அவ்வளவுதான், வாய் பூட்டிக்கொண்டது. டீ ஆறி ஆடை கட்டியது. இருபது நிமிடம் போன இடம் தெரியவில்லை.

"சரி, நான் கிளம்பறேன்" என்று அவள் பையை எடுத்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் மணி அடித்தது. ஆறாம் மாடியில் யாரோ காத்திருந்தார்கள். கால் தன்னால் எழுந்துவிட்டது. "ஒரே நிமிஷம். கூட வர்றீங்களா?"

லிஃப்டில் பட்டன் பலகை கதவை ஒட்டி இருந்தது. அவர் ஸ்டூலில் கதவைப் பார்த்து உட்காருவார். ஏறுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். அந்தப் பட்டன்களை வேறு யாரும் தொடக் கூடாது. முதலாளியே ஒரு முறை கை நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார். லிஃப்ட்காரரின் பேச்செல்லாம் கதவோடுதான். வீட்டிலும் ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினார் என்பது மனைவியின் பழைய குற்றச்சாட்டு.

மகள் நேராகப் பின்பக்க இடது மூலைக்குப் போய் நின்றாள். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எவ்வளவு கூட்டம் ஏறினாலும் அந்த மூலையில் ஒரு சின்னப் பெண் நிற்பதாக அவர் மனதுக்குள் வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு வயது கூட்டிக் கூட்டி அவளை அங்கேயே வளர்த்திருந்தார். பள்ளிப் பை வந்தது, பின்னல் நீண்டது, ஒரு நாள் உயரத்தில் அவரையே எட்டினாள்.

கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் மெல்ல முனகிக்கொண்டு மேலே கிளம்பியது. வாய்ப் பூட்டும் கழன்றது.

"நான் ஏழாங் கிளாஸ்தான் படிச்சேன்" என்றார் கதவிடம். "அப்புறம் பழக் கடை, மர டிப்போ, கடைசியா இந்தப் பெட்டி. நீ பொறந்தன்னிக்கு இதுலதான் இருந்தேன். ஒவ்வொரு மாடியிலயும் நிறுத்தி..."

கதவு திறந்தது. பேச்சு நின்றது. ஆறாம் மாடி பல் டாக்டர் ஏறினார். கீழே இறங்கும்போது மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"கதை நடுவுல வந்துட்டேனா? பதினஞ்சு வருஷமா இவர் கதை எனக்குப் பாதிப் பாதிதாங்க தெரியும்."

டாக்டர் இறங்கியதும் அவர் ஒன்பதை அமுக்கினார்.

"நிறுத்தி?" என்றாள் மகள்.

"நிறுத்தி, பொண்ணு பொறந்திருக்குன்னு கத்தினேன். மூணாம் மாடிக்காரங்க தீ விபத்துன்னு நெனச்சு படியில ஓடிட்டாங்க."

பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. அவர் திரும்பவில்லை, திரும்பினால் எல்லாம் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

"பொழுதுபோக்கு மேகம் பாக்கறது. மத்தியானம் மொட்டமாடியில மல்லாந்து படுத்துக்குவேன். நாள் பூரா ஜன்னல் இல்லாத பெட்டியில இருக்கறவனுக்கு அது போதும். ஒரு மேகம் ஒட்டகம் மாதிரி வரும், தூங்கி முழிச்சா கப்பலாயிருக்கும். ரெண்டும் நான்தான்னு தோணும்."

ஒன்பதில் யாரும் இல்லை. கதவு திறந்து, சும்மா சாத்திக்கொண்டது. மறுபடி இறங்கினார்கள்.

"கொள்கை?" தாளில் இருந்த கடைசித் தலைப்பை அவள் பார்த்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான். மேல ஏத்திவிட்ட ஆள் அத்தனை பேரும் எறங்கினாத்தான் நான் வீட்டுக்குப் போவேன். யாரையும் விட்டுட்டுப் போனதில்ல."

ஐந்து, நான்கு, மூன்று என்று எண்கள் எரிந்து அணைந்தன.

"என்னை?"

அந்தக் கேள்விக்கு இரண்டு தாளிலும் ஒரு வரிகூட இல்லை.

"உன்ன விட்டுட்டேன்" என்றார். "வந்து பாத்திருக்கணும். ரெண்டு தடவ உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன். நீங்க யாருன்னு நீ கேட்டுட்டா என்ன சொல்றதுன்னு பயந்து திரும்பிட்டேன். பெத்தவன் செய்யற காரியம் இல்ல அது."

கீழ்த்தளம். கதவு திறந்தது. வெளியே வெயில், தெரு, அவள் பஸ்ஸுக்குப் போகும் வழி. அவர் கதவு திறந்தால் பேசாத மனிதர்; எனவே பேசாமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் செருப்புச் சத்தம் நகர்ந்து, அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அவர் தோளைத் தாண்டி ஒரு கை நீண்டு ஒன்பதை அமுக்கியது. அவர் தடுக்கவில்லை.

"மேகத்தைக் காட்டுங்க" என்றாள். "அடுத்த பஸ்ல போய்க்கிறேன்."