ஜெரோனியின் தொட்டிக்குள் விட்ட விலாங்கு

என் கொழுந்தன் ஜெரோனி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை குட்டி இல்லாதவன் என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மலைமேல் அவன் ஆடுகளுக்குத் தண்ணீர் பிடித்துவைக்கும் கல்தொட்டியில் தேரைகள் இருந்தன. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோலக் கூப்பிடுவதால் குட்டிக் கொல்லன் என்போம். எங்கள் மயோர்க்கா தீவின் மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லையாம். வாளியில் ஒரு தலைப்பிரட்டை ஏறி வந்தாலும் அதைத் திரும்ப விட்டுவிட்டுத்தான் ஜெரோனி அடுத்த வாளி மொள்ளுவான்.

பல்மா நகரத்திலிருந்து ஆய்னா என்று ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். தேரைகளின் தோலைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப்போனாள். தோலை அரிக்கிற பூஞ்சை நோய் என்று தெரிந்தது. இருந்ததையெல்லாம் பிடித்து நகரத்துக்குக் கொண்டுபோய், தினமும் மருந்துத் தண்ணீரில் முக்கி, நோய் தீர்ந்ததும் அங்கேயே ஜோடி சேர்த்துப் பெருக்கினார்கள். இங்கே தொட்டிக்கு மருந்தடித்து, ஒரு கோடை முழுக்கக் காயப்போட்டார்கள். எழுபது வயதில் ஜெரோனி கீழ் ஊற்றிலிருந்து கோவேறு கழுதைமேல் அறுபது ஆட்டுக்கும் தண்ணீர் ஏற்றினான். முகம் சுளிக்கவில்லை.

பிறகு மழை பெய்து தொட்டி நிறைந்தது. வசந்தத்தில் தலைப்பிரட்டைகள் திரும்பி வருகின்றன என்று ஆய்னா சொல்லியனுப்பினாள். வருகிறவர்களுக்குத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டாமா? எங்கள் பக்கம் தொட்டியில் ஒரு விலாங்கை விடுவது வழக்கம்; புழு பூச்சியைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைக்கும். ஜெரோனியும் விட்டான். யோசனை என்னுடையது. தப்பான யோசனை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

ஆய்னா இரண்டு பெட்டி நிறையத் தலைப்பிரட்டைகளோடு மலையேறி வந்தாள். அன்றைக்கு நானும் மேலேதான் இருந்தேன்.

"எட்டிப் பாரு பொண்ணே, கண்ணாடி மாதிரி இல்ல?" என்றான் ஜெரோனி.

"எப்படிங்க இவ்வளவு தெளிவா இருக்கு?"

"உள்ள ஒரு வேலக்காரன் இருக்கான். சோறுகூடக் கேக்க மாட்டான்."

அதற்குள் விலாங்கு முதுகைக் காட்டிவிட்டது. திறந்துகொண்டிருந்த பெட்டியை ஆய்னா மூடினாள்.

"ஐயோ பெரியவரே, ஒரு வாரத்துல எல்லாத்தயும் முழுங்கிடுமே!"

"அவ்வளவுதான? மதியத்துக்குள்ள பிடிச்சிடறேன்."

"எங்கேர்ந்து கொண்டுவந்தீங்க?"

"சதுப்பு நிலத்துப் பக்கம், எங்க அத்தை மவன் கெணத்துலேர்ந்து. வாளியில."

"அந்தத் தண்ணியோடவா?"

"பின்ன, சட்டப் பையிலயா?"

ஆய்னா கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அந்தத் தண்ணியில நோய் இருக்கலாம். மறுபடி ஒரு கோட காயப்போட்டாத்தான் விட முடியும். உங்க ஆட்டுத் தண்ணி, நான் கட்டாயப்படுத்த மாட்டேன். வேணாம்னா இதுங்க வேற மலைக்குப் போயிடும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வாளித் தண்ணிக்கா இந்த ஆர்ப்பாட்டம்? நம்ம பாட்டன் காலத்துலேர்ந்து விலாங்கு விடறோம்!"

"பாட்டன் காலத்துல இந்த நோய் இல்ல. சும்மா இருங்க அண்ணி."

நாற்பது வருஷத்தில் அவன் என்னை அதட்டியது அன்றுதான்.

பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு போய், தொட்டியடியில் இருந்த அடைப்புக்கட்டையில் கை வைத்தான். ஆய்னா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"அப்படியே திறக்காதீங்க! ஓடைக்குப் போயிடும். முதல்ல மருந்து கலக்கணும்."

"கலக்கு. ஆனா இன்னிக்கே கலக்கு தாயி. நாளைக்கின்னா எனக்கு மனசு மாறிடும்."

பெட்டிகள் பல்மாவுக்கே திரும்பின. மருந்து கலக்குமுன் பிடித்த விலாங்கைக் கீரையோடு மாவில் மடித்துச் சுட்டேன். ஆய்னா இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றாள். அந்த மட்டுக்கும் நல்ல பெண்தான்.

இரண்டாவது கோடை கொடுமையாக இருந்தது. கழுதைக்கு முட்டி வீங்கியது, ஜெரோனிக்கும்தான். இருபது ஆடுகளை அத்தை மகனிடம் அனுப்பினான். கிறிஸ்துமஸ் தாண்டித்தான் தொட்டி நிறைந்தது. ஆய்னா மூன்று தடவை சோதித்து, மூன்று தடவையும் நோயில்லை என்ற பிறகே பெட்டிகளைக் கொண்டுவந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் ஆலிவ் காயும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். பாதையை அடைத்து மருந்துத் தண்ணீர்த் தட்டு வைத்திருக்கிறான்.

"அண்ணி, செருப்பு."

"நான் வீட்டுலேர்ந்து வரேன்டா! சதுப்புலேர்ந்தா வரேன்?"

"செருப்பு அண்ணி."

முக்கினேன். கோவிலுக்குப் போட்டுப்போகிற செருப்பு. வெளுத்தே போய்விட்டது.

முழங்கையைப் பிடித்துத் தொட்டியோரம் கூட்டிப்போனான். தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்தது; என் வீட்டில் ஒரு நாள் அப்படி விடமாட்டேன். பாசிக்கடியில் தலைப்பிரட்டைகள் கறுப்புக் கறுப்பாக, எண்ண முடியாமல் நெளிந்தன.

"மெதுவா மூச்சு விடுங்க, பயப்படும்," என்றான்.

நானும் மெதுவாகத்தான் விட்டேன்.