எங்கள் தெருவுக்கு மோட்டார் வந்த விதம்

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். கடந்தது புயல் மட்டும்தான். ஏரிகளைத் திறந்துவிட்டார்கள், கடல் தண்ணீரை வாங்க மாட்டேன் என்றது, நடுவில் கிடந்த எங்கள் காலனி நிரம்பிவிட்டது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்கு வரும் சாலையில், புதுப்பட்டினத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். கோயிலும் குளமும் குளத்தைச் சுற்றிய தெருக்களும் மேட்டில் இருக்கின்றன. காலனி பள்ளத்தில் இருக்கிறது. அது தற்செயல் என்று சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை.

எங்களைக் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே கழிப்பறை, அதிலும் தண்ணீர் இல்லை. முதல் நாளே நிரம்பி வழிந்தது. போனவர்கள் எல்லோரும் அந்த ஈரத்தைக் காலோடு கொண்டுவந்து நாங்கள் படுத்திருந்த அறைக்குள் மிதித்தார்கள். பொட்டலத்தில் வந்த சாம்பார் சாதம் பிரிக்கும்போதே புளித்த வாடை அடிக்கும். வாங்குகிறவன் முகமும் கொடுக்கிறவன் கையும் ஒன்றாகப் படத்தில் விழும்வரை பொட்டலத்தை விடமாட்டார்கள். எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. செங்கல்பட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர். புளித்த சோற்றுப் பொட்டலத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவரின் செல்போனைப் பார்த்து நின்றேன். இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

பழைய துணி ஒரு லாரி நிறைய வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது, கொட்டிவிட்டுப் போனார்கள். காலரில் அழுக்கு ஏறிய சட்டைகள், ஜிப் போன பேன்ட்கள், ஒற்றைக் கால் சாக்ஸ், யாரோ போட்டுக் கழித்த உள்பாவாடை. தங்கள் வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்ய ஒரு புயல் வரவேண்டும் என்று காத்திருந்திருப்பார்கள் போல. அதில் ஒரு மூட்டை மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட் ஒன்றிலிருந்து வந்தது. குளித்துவிட்டுப் போட்டுக்கொள்கிற வெள்ளை அங்கிகள், இடுப்பில் கட்டக் கயிறு வைத்தவை. காய்ந்த துணி என்று அது ஒன்றுதான் இருந்ததால், எங்கள் காலனிப் பெரியவர்கள் பாதிப் பேர் அந்த அங்கியில்தான் திரிந்தார்கள். என் அப்பாவும்தான். வெள்ளைக்காரத் துரை நீச்சல் குளத்துக்குக் கிளம்பியது மாதிரி இருந்தார். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அம்மாவுக்குச் சர்க்கரை. பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண் முன்பே இருந்தது. அது ஆறிக்கொண்டுவரும்போதுதான் இந்தத் தண்ணீரில் இறங்கி நடக்கவேண்டி வந்தது. பள்ளிக்கு வந்த நர்ஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இந்தத் தரையில் இந்தக் கால் படவே கூடாது, உலர்ந்த இடமாகப் பார்த்துக் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள், இப்படியே விட்டால் விரலை எடுக்கவேண்டி வரும் என்றார். உலர்ந்த இடத்துக்கு எங்கே போவது? சொந்தக்காரர்கள் வீடெல்லாம் தண்ணீரில்தான் இருந்தன. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நடைபாதையில்கூட இடம் இல்லை என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் வீட்டில் முழங்கால் அளவு நின்றது. அதை இறைத்துவிட்டால் அன்றைக்கே அம்மாவைக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்துவிடலாம். அதற்கு மோட்டார் வேண்டும். ஊருக்கென்று வந்த டீசல் மோட்டார் குளத்தெருவில் நின்றது. மேட்டிலேயே கொஞ்சம் தாழ்வான தெரு அது, அங்கேயும் தண்ணீர் புகுந்திருந்தது. அதை முடித்துவிட்டு அடுத்து உங்களுக்குத்தான் என்று வார்டு உறுப்பினர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் போன் வந்தது. பேசியவர் செங்கல்பட்டில் என்னோடு ஒரே பள்ளியில் வேலை செய்கிற ஆசிரியர், வீடு குளத்தெருவில். தினமும் என் பைக்கில்தான் பின்னால் உட்கார்ந்து வருவார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டு எலுமிச்சைச் சாதத்தை எனக்குக் கொடுப்பார். என் டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் மட்டும் அன்றைக்கு அவருக்கு ஏதாவது விரதம் இருக்கும்.

அவர் அழுதுகொண்டே பேசினார். கட்டிப்போட்டிருந்த பசு தண்ணீரில் செத்துவிட்டதாம். அவிழ்த்துவிட யாருக்கும் நினைவு வரவில்லையாம். வீட்டுப் பெண் மாதிரி வளர்த்தோம் சார் என்றார். பொய்யில்லை. மாட்டுப் பொங்கலுக்கு அதற்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பசு வீங்கி மிதக்கிறது, தெருவே நாறுகிறது, மோட்டார் ஓட்டுகிறவர் இதை எடுக்காமல் மோட்டாரைப் போட மாட்டேன் என்று போய் உட்கார்ந்துவிட்டார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னார்: “தப்பா எடுத்துக்கக் கூடாது சார். உங்க பக்கம் யாராவது இருந்தா அனுப்பி வைங்களேன்.”

யாராவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். எங்கள் தெருவில் நான் ஆசிரியர், என் தம்பி கல்பாக்கத்தில் டெக்னீஷியன், எதிர்வீட்டுப் பெண் அணுபுரத்தில் நர்ஸ், பக்கத்து வீட்டில் வங்கிக் கிளார்க். செத்த மாட்டைத் தூக்க இதில் யாரை அனுப்புவது? தன் வீட்டுப் பெண் என்று அழுதவர், அவளைத் தொட்டுத் தூக்க மட்டும் என் வீட்டு ஆணைத் தேடினார். எங்கள் பக்கம் அந்த வேலை தெரிந்தவர்கள் யாரும் இல்லை, அனுப்ப மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இதில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அவர் வாலிபனாக இருந்தபோது, ஊரில் மாடு செத்தால் எங்கள் காலனிக்குத்தான் ஆள் வரும். போகாமல் இருக்க முடியாது, அது வழக்கம். அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் ஒருநாள் இனி தூக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் போகம் ஒருவனுக்கும் ஊரில் வயல் வேலை கிடைக்கவில்லை. கஞ்சிக்கு வழியில்லாமல் கல்பாக்கத்துக்குக் கட்டட வேலைக்கு நடந்தே போனார்கள். அப்படிப் போனவர்கள்தான் பிறகு சம்பளக்காரர்கள் ஆனார்கள், எங்களைப் படிக்க வைத்தார்கள். அப்பா சாமி கும்பிடுவதில்லை, அம்மாவோடு சர்ச்சுக்கும் போவதில்லை. அந்த வேலையை விட்டதுதான் அவருக்கு எல்லாம்.

மறுநாள் காலையில் வார்டு உறுப்பினரே பள்ளிக்கு வந்துவிட்டார். ஆபத்து நேரத்தில் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருக்கவேண்டும் என்று ஆரம்பித்தார். இரண்டு பேர் வந்து மாட்டை அப்புறப்படுத்தினால் கையோடு மோட்டாரை உங்கள் தெருவுக்கே முதலில் கொண்டுபோகலாம் என்றார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா அந்த வெள்ளை அங்கியின் இடுப்புக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“அத்த வுட்டு எம்மாங் காலம் ஆச்சி. மாட்டுக்காரன் கீறான் இல்ல, அவன தூக்கச் சொல்லு.”

உறுப்பினர் என் பக்கம் திரும்பி, நீங்கள் படித்தவர், எடுத்துச் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன். இதை எப்போதும் நினைவில் வைத்திருப்பேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மோட்டார் வரவில்லை.

அடுத்த இரண்டு நாட்களை நான் யாருக்கும் சொல்லி அனுதாபம் தேட விரும்பவில்லை. அம்மாவின் கால் நாற ஆரம்பித்தது. பெஞ்சில் படுக்க வைத்து, காலுக்கு அடியில் துணி மூட்டையை வைத்திருந்தோம். ஈ மொய்த்தது. கட்டை அவிழ்த்தால் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தம்பி என்னைத் தனியாக வெளியே கூட்டிப்போய், ஒரு கயிறும் மூங்கிலும் இருந்தால் நாமே போய் இழுத்துப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் போகலாம் என்றுதான் தோன்றியது, மறைக்கவில்லை. எப்படியோ அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

“எனுக்காவ எவனும் போவ வேணாம்” என்றாள். “வெரல் தான போவுது. போவட்டும்.”

அதற்குப் பிறகு போக முடியுமா?

மூன்றாம் நாள் மத்தியானம் மோட்டார் வந்தது. ஒரு டிராக்டரில் ஏற்றி, யாரும் கேட்காமலே, நேராக எங்கள் தெருமுனையில் கொண்டுவந்து இறக்கினார்கள். மாட்டை எடுத்தாகிவிட்டது, பக்கத்து நகராட்சியிலிருந்து ஆள் வரவழைத்தார்களாம் என்று ஓட்டுநர் சொன்னார். காலனியில் எல்லோரும் இதை வெற்றியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். முறைத்துக்கொண்டு நின்றால் இறங்கித்தான் வருவார்கள் என்று டீக்கடைக்காரர் பேசினார். அப்பா அன்றைக்குத்தான் முகச்சவரம் செய்துகொண்டார். எங்கள் வீடு முன்பக்கம் என்பதால் சாயங்காலத்துக்குள் தண்ணீர் வடிந்தது. சேற்றை வழித்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அம்மாவைத் தூக்கிவந்து கட்டிலில் படுக்க வைத்தோம். எதிர்வீட்டு நர்ஸ் பெண் வந்து புண்ணைச் சுத்தம் செய்தாள். இன்னும் ஒரு நாள் அங்கேயே வைத்திருந்தால் விரல் போயிருக்கும், இனி பயமில்லை என்றாள்.

மறுநாள் காலையில் என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, அம்மாவைப் பார்க்க வந்தான். பக்கத்து நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளன். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். உள்ளே வா என்று அவன் அக்கா எவ்வளவோ கூப்பிட்டாள். நாற்றம் போகவில்லை, எத்தனையோ தடவை குளித்துப் பார்த்துவிட்டேன், அத்தைக்கு உடம்பு சரியில்லாத வீட்டுக்குள் எப்படி வருவது என்றான். எந்தத் தெருவுக்குப் போனாய் என்று கேட்டேன்.

குளத்தெருதான். முந்தின நாள் காலையில் வேலைக்குப் போனவர்களை வேனில் ஏற்றினார்களாம். எதற்கென்று இறங்கிய பிறகுதான் சொன்னார்களாம். வர மாட்டேன் என்று சொன்னவனை மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது, அதை இவன் கூட வந்த வயதானவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். இழுக்கும்போது மாட்டின் வயிறு வெடித்து மேலெல்லாம் தெறித்திருக்கிறது. தெருக்காரர்கள் மாடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, மெதுவாக, மெதுவாக, பசு அது என்று கத்தியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவன் குறையாகச் சொல்லவில்லை. வேலையில் நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

பிறகு முகம் மலர்ந்தது. மாட்டுக்கார வாத்தியார் நல்ல மாதிரி, பேப்பர் கப்பில் காபி கொண்டுவந்து மதில்மேல் வைத்தார் என்றான். அவர் எந்த ஸ்கூல் என்று தெரிந்ததும், எங்கள் மாமாவும் உங்கள் ஸ்கூல்தான் என்று இவன் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். அவர் ஆடிப்போய்விட்டாராம். அவரா உன்னை அனுப்பினார் என்று கேட்டிருக்கிறார்.

“ஆமா சார்னு சொல்ட்டேன் மாமா. உனுக்கு ஒரு பேரா இருக்கட்டுமேன்னுதான். ஒடனே எம் முன்னாலயே வார்டு மெம்பருக்குப் போன போட்டு, வாத்தியாரு ஆள் அனுப்பிட்டாரு, மொதல்ல அவுங்க தெருவுக்கு மோட்டார வுடுங்கன்னு சொன்னாரு.”

அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். தெருக் கோடியில் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என்ன தப்பு செய்தான்? மாமாவுக்கு மரியாதை தேடிக் கொடுத்திருக்கிறான். அவன் அக்கா தட்டில் சோறு போட்டுக் கேட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் உள்ளே போய்ச் சக ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

நான் யாரையும் அனுப்பவில்லை, அவன் டூட்டியில் வந்தவன், வராவிட்டால் வேலை போய்விடும் என்று வந்தவன் என்று சொன்னேன். அவர் குரல் தழுதழுத்தது. செய்த உதவிக்குப் பேர்கூட வேண்டாம் என்கிறீர்களே, இந்த அடக்கம் யாருக்கு வரும் என்றார். மாட்டேன் என்று உங்களிடம்தானே சொன்னேன் சார் என்று கத்தினேன்.

“கோபத்துல சொன்னீங்க. அப்புறம் மனசு கேக்காம அனுப்பிட்டீங்க. எனக்குத் தெரியாதா சார் உங்கள?”

போனை வைத்துவிட்டேன். அருவருப்பு என்று எழுதினால் இரண்டு நாளில் கழுவிவிடக் கூடியது மாதிரி இருக்கிறது. இதற்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வெளியே வந்தேன். மச்சினன் கேட்டுக்கு வெளியே நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“வாத்தியாரா? இன்னா சொன்னாரு மாமா?” என்று கேட்டான்.

உன்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார் என்றேன். அவனுக்குச் சந்தோஷம். தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.