யார் கொடுத்த வாய்

“அக்கா, நீங்க அவங்கப்பாவைக் கிண்டல் பண்ணினீங்கன்னு கண்டக்டர் ஐயாவோட பொண்ணு வந்து சொல்லுது. நிஜமாவா?”

ஆஸ்பத்திரியின் சலவை அறை வாசலில் நின்று அந்தப் பேச்சுப் பயிற்சி தெரபிஸ்ட் கேட்டபோது, அங்கே வேலை பார்க்கும் ரேடியோ, கையிலிருந்த படுக்கை விரிப்பை நான்காக மடித்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“கிண்டல் இல்ல மேடம். தானா வந்திடுச்சு.”

“என்ன வந்திடுச்சு?”

“அவரோட வாய்.”

தெரபிஸ்டுக்குப் புரியவில்லை. ரேடியோ நடந்ததைச் சொன்னாள். பக்கவாதத்தில் படுத்திருந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றப் போயிருந்தாள். அவர் தண்ணீர் கேட்டார். ‘தண்ணி’ என்ற சொல் அவர் வாயின் இடது ஓரத்தில் வழுக்கி ‘அன்னீ’ என்று விழுந்தது. அடுத்த நொடி அதே ‘அன்னீ’ அவள் வாயிலிருந்தும் விழுந்தது. அதே கோணல், அதே இழுப்பு, கடைசியில் அதே பெருமூச்சு. பக்கத்தில் இருந்த மகள், “என்னம்மா, நக்கலா?” என்று எழுந்துவிட்டாள்.

“அவர் என்ன பண்ணினார்?”

“சிரிச்சிட்டார் மேடம்.”

“சிரிச்சாரா! என் முன்னாடி வாயே தொறக்கறதில்ல. கண்ணாடியைக் காட்டினா சுவர்ப் பக்கம் திரும்பிக்கறார்.”

“சிரிச்சிட்டு என் வாயையே பார்த்தார். இந்த ஓரம் அசையலன்னு விரலால காட்டினார். நான் அந்த ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிச் சொன்னேன், அவரும் தூக்கினார். இன்னும் கொஞ்சம் தூக்கினேன். ‘தன்னி’ வரைக்கும் வந்துட்டார். அதுக்குள்ள பொண்ணு என்னை வெளிய போகச் சொல்லிடுச்சு.”

தெரபிஸ்ட் கதவில் சாய்ந்துகொண்டாள். “கண்ணாடி அவர் எங்க நிக்கறார்னு மட்டும்தான் காட்டும். நீங்க அங்கேயே போய் நின்னு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன். நாளையிலிருந்து மத்தியானம் என் அறைக்கு வாங்கக்கா. உங்க மேலாளர்கிட்டயும் நானே சொல்றேன்.”

“வேணாம் மேடம். இது ஆண்டவர் குடுத்த வாய் இல்ல.”

“பின்னே? கடையில வாங்கினீங்களா?”

ரேடியோ சிரிக்கவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்று அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

அந்த ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டதே கிடையாது. சலவை அறையில் பெரிய இயந்திரங்கள் ஓயாமல் சுற்றும். அங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதற்காகவே தேடிப் பிடித்த வேலை அது. இப்படிப்பட்ட ஊமைக் கோட்டானுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், அவள் அப்பா.

அப்பா வேன் ஓட்டுபவர். மாலையில் வந்து, செருப்பைக் கழற்றியதும் கட்டில் விளிம்பில் உட்காருவார். “ரேடியோ, நியூஸ் போடு” என்பார். அவள் அவர் எதிரில் வந்து நிற்பாள். காதைப் பிடித்து லேசாகத் திருகுவார். அன்றைய செய்திகள் வரத் தொடங்கும். மளிகைக்கடைக்காரர் பாக்கிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டுவது, ஞாயிறு பள்ளி டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அன்பைப் பற்றிச் சொல்வது, எதிர்வீட்டு அம்மாள் பூனையோடு சண்டை போடுவது. இன்னொரு திருகு திருகினால் அடுத்த ஸ்டேஷன். அவளுக்கு எதையும் மனப்பாடம் செய்யத் தெரியாது. ஆட்கள் அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான். தம்பி தரையில் உருண்டு சிரிப்பான். எல்லோரையும்விட அதிகம் சிரிப்பது அம்மாதான். மாவுக் கையோடு ஓடிவந்து, முழங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, “ஐயோ போதும்டி, வயிறு வலிக்குது” என்பாள்.

ஒரு மழைநாளில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

முதலில் சபையார் தினமும் வந்து ஜெபித்தார்கள். பிறகு வாரம் ஒருமுறை வந்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அம்மா சமையலறைத் தரையில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். பிள்ளைகளுக்கு ஏதோ ஆக்கிப் போடுவாள், தான் தொடமாட்டாள். ரேடியோவுக்கு அப்போது பத்து வயது. அம்மாவைச் சிரிக்கவைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

ஒரு மாலை, அப்பா வரும் நேரத்துக்கு, அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். அப்பா தட்டுவதைப் போலவே விரல் முட்டியால் தட்டினாள். “மகாராணி, கதவைத் தொறக்கலாமா?” என்றாள். தொண்டைக்கு அடியிலிருந்து, கொஞ்சம் கரகரப்போடு, கடைசியில் அந்தச் சின்ன இருமலோடு.

உள்ளே பாத்திரம் ஒன்று உருண்டது. அம்மா ஓடிவரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த முகம் மகளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்த்தது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகுதான் கீழே பார்த்தது. வெளிச்சம் அணைந்ததையும் ரேடியோ பார்த்தாள்.

அடி விழுந்தது. அது ஆறிவிட்டது. “இது பிசாசு குடுத்த வாய்!” என்று அம்மா கத்தியதுதான் ஆறவில்லை. அதற்குப் பிறகு அவள் யாரையும் பேசிக் காட்டியதில்லை. ஆலயத்தில் பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைப்பாள். இத்தனை பேர் வந்து போகும் ஆஸ்பத்திரியில் எத்தனையோ குரல்கள் உள்ளே வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்து அடக்கினாள். கண்டக்டர் ஐயாவுடையது மட்டும் பிடியை மீறி வெளியே குதித்துவிட்டது.

அன்று வீடு திரும்பியபோது அம்மா சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, மூச்சு வேறு வாங்கும். ரேடியோ எதிரில் உட்கார்ந்து, தெரபிஸ்ட் கூப்பிட்டதைச் சொன்னாள்.

“போயேன். நல்ல விஷயம்தானே?” என்றாள் அம்மா.

“எப்படிம்மா போறது? இது யார் குடுத்த வாய்னு தெரியாம?”

அம்மாவின் கத்தி நின்றது. மறந்திருப்பாள் என்றுதான் ரேடியோ இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அம்மா அந்தக் கிழங்கையே பார்த்தபடி பேசினாள்.

“அன்னைக்கு ராத்திரியே ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். உன்கிட்டதான் கேக்க முடியல. கேட்டா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கணுமே. கதவைத் தொறக்கற வரைக்கும் அவர் வந்துட்டார்னே நெனச்சேன்டி. அப்படி ஒரு சந்தோஷத்தைக் குடுத்துட்டுப் பிடுங்கிட்டியேன்னு ஆத்திரம். அந்த வாயை உண்டாக்கினவர் மேல இருந்த கோவத்தைச் சின்னப் பிள்ளை மேல கொட்டிட்டேன். பிசாசுக்கு அவ்வளவு அழகா ஒண்ணு செய்யத் தெரியுமா? தப்பு என்னோடது. மன்னிச்சிடும்மா.”

இப்படி ஒரு வார்த்தை வந்தால் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவோம் என்று அவள் சில சமயம் கற்பனை செய்ததுண்டு. கோபம்தான் வந்தது. எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். தம்பி எட்டிப் பார்த்து, “பாத்திரம் என்ன பாவம் பண்ணிச்சு?” என்று கேட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினான். படுக்கும்முன் முழங்காலில் நின்றபோது ‘மன்னிக்கிறேன்’ என்று சொல்ல வரவில்லை. “ஆண்டவரே, எனக்குக் கோவமா இருக்கு. நாளைக்கு அந்த ஐயா காத்திட்டிருப்பார். போகட்டுமா?” என்றாள். பதில் எதுவும் கேட்கவில்லை. போகாதே என்றும் கேட்கவில்லை.

போனாள். கண்டக்டர் ஐயா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவர் வாயை அவள் தன் முகத்தில் வாங்கிக்கொள்வாள். அதிலிருந்து மயிரிழை மயிரிழையாக நேராக்குவாள். அவர் பின்னாலேயே வருவார். எங்கே வழுக்கினாலும் அவளும் கூடவே வழுக்குவாள், இருவரும் சிரிப்பார்கள், மறுபடி தொடங்குவார்கள். மகள் முதல் சில நாள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மத்தியானம் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோது, கட்டிலிலிருந்து பழைய அதிகாரத்தோடு ஒரு குரல் எழுந்தது:

“படியில நிக்காதீங்க! உள்ள போங்க!”

ஒரு எழுத்து பிசகவில்லை. கூட்டம் நிஜமாகவே உள்ளே நகர்ந்தது. மகள் ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அவருக்குப் பிறகு தையல்காரம்மா வந்தார், பேச்சை இழந்த வக்கீல் வந்தார், இன்னும் பலர் வந்தார்கள். ஒவ்வொருவரோடும் அவளுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. எந்த நாளில் அம்மாமேல் இருந்த கோபம் போனது என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், பக்கத்திலிருந்த அம்மா திடீரெனத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் தான் சத்தமாகப் பாடிக்கொண்டிருப்பது ரேடியோவுக்கே தெரிந்தது.

வீட்டில் மறுபடி நியூஸ் தொடங்கியது. ஆஸ்பத்திரி மேலாளரின் தொண்டைச் செருமல், கேன்டீன்காரரின் சலிப்பு, வக்கீல் தன் மருமகனைக் குறுக்கு விசாரணை செய்வது. அம்மா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குவாள். “நிறுத்துடி” என்பாள். நிறுத்தினால், “அப்புறம் என்னாச்சு?” என்பாள்.

அம்மாவின் கடைசி மழைக்காலம் அது. சிரித்து ஓய்ந்த ஒரு மாலையில், தலையணையைச் சரிசெய்ய வந்தவளின் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“எல்லாரையும் பிடிச்சு வச்சிருக்க. என்னையும் நல்லாப் பிடிச்சு வச்சுக்கோ.”

“ஏம்மா இப்படிப் பேசறீங்க?”

“குறுக்க பேசாதே, கேளு. நான் போனப்புறம் உன் தம்பி சாப்பிடாம கதவைச் சாத்திக்குவான். நீ கெஞ்சினா மசியமாட்டான். அன்னைக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், சமையலறையில நின்னு என் குரல்ல நல்லா நாலு திட்டு விடு. ஓடிவருவான். என்னைக் காணோம்னதும் அடிக்கக்கூட வருவான். வாங்கிக்கோம்மா. வாங்கிக்கிட்டு, உக்காரவச்சுச் சோத்தைப் போட்டுடு.”