ஒம்பதாம் நம்பர்ப் பொடியன்ட பேர்

உதைபந்து மெட்சுக்கு மைக் பிடிக்கிறது கதைக்கத் தெரிஞ்சவனுக்கு லேசான தொழில், வாயை மூடத் தெரியாதவனுக்குப் பொல்லாத தொழில். ஊர் ஊராப் போய்த் தொண்டையும் கெட்டு, பகையும் தேடின என்ட மைக்கார இனத்தாரே, இதை உங்களுக்குச் சொல்லாம வேற ஆருக்குச் சொல்ற?

மட்டக்களப்பு வாவிக்கு ரெண்டு கரையிலயும் நான் மைக் பிடிச்சிருக்கன். விளையாட்டை விட எனக்குப் பேர்தான் பயம். எங்கட தகப்பன்மார் வைக்கிற பேர் அப்பிடி. வாழைச்சேனையத் தாண்டாத ஒருத்தனுக்குப் பேர் லண்டன்ராசா. ஒரே மெட்சில பத்துக் கோல் விட்ட கோல்கீப்பருக்குப் பேர் வெற்றிச்செல்வம். சிரிக்காம வாசிக்கிறதுக்கே தனிச் சம்பளம் தரோணும்.

ஓவசியர்

கல்குடாப் பக்கத்து டீம் ஒண்டில சென்டர் போர்வேட்டுக்குப் பேர் ஓவசியர். பட்டப்பேர் இல்ல, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில உள்ள பேர். "ஓவசியர் ஓடுறார், ஓவசியர் விழுந்திட்டார், ஓவசியர் பந்தை விட்டிட்டார்" எண்டு நான் கத்தக் கத்த, பிரதம விருந்தாளியா வந்திருந்த, றோட்டு வேலை மேற்பார்க்கிற உண்மையான ஓவசியர் ஐயா கதிரையில நெளிஞ்சு நெளிஞ்சு, இடைவேளைக்கு முந்தியே எழும்பிப் போயிட்டார்.

மறுகா நான் பொடியன்ட தகப்பனைப் பிடிச்சு, ஏன் கா இப்பிடி ஒரு பேர் எண்டு கேட்டன். மனிசன் கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவர், தலை நிமிரல்ல. "அந்த வேலைக்கு மூணு தரம் எழுதிப் போட்டன் தம்பி. வேலைதான் கிடைக்கல்ல, பேரையாவது வீட்டுக்குள்ள வெச்சிருப்பம் எண்டு பார்த்த."

ரெண்டு கொப்பி

சண்டைக் காலத்தில மெட்ச் வைக்கிறதெண்டா ஆமிக் காம்பில அனுமதி எடுக்கோணும். விளையாடுறவன்ட பேர், ஐடென்டிகாட் நம்பர் எல்லாம் எழுதி ரெண்டு கொப்பி. ஒண்டு காம்புக்கு, மற்றது மைக்குக்கு. நான் ஒவ்வொரு பேரா வாசிக்க, பொடியன் கையைத் தூக்கோணும். கோட்டுக்கு வெளியால துவக்கோட நிக்கிற ஆமிக்காரன் தன்ட கொப்பியில சரி போடுவார்.

அப்பிடி ஒரு கொப்பியிலதான் அந்தப் பொடியன்ட பேரை முதல்ல கண்டன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து டீம், வள்ளத்தில வாவியைக் கடந்து வந்தவங்க. ஒம்பதாம் நம்பர், புயல்வேந்தன், பத்தொம்பது வயசு. எழுபத்தெட்டுச் சூறாவளிக்குள்ள பிறந்தவன். தகப்பன் 'சூறாவளி' எண்டு வைக்கக் கூச்சப்பட்டு, தமிழ் வாத்தியார்ட்டக் கேட்டு வெச்ச பேர். பின்னுக்கு வாற காலத்தில காட்டுக்குள்ள இருக்கிற இயக்கத்துக்காரங்க இப்பிடிப் பேராப் பார்த்துத் தங்களுக்கு வெச்சுக்கொள்ளுவாங்க எண்டு அந்த மனிசன் கனாக் கண்டாரா?

ஆமிக்காரன் கொப்பியைப் பார்த்தார், பொடியனைப் பார்த்தார். "இது இயக்கப் பேர். வீட்டுப் பேர் சொல்லு" எண்டார். பொடியன் தலையைச் சொறிஞ்சான். "வீட்டிலயும் இதான் சேர். அம்மா ஏசக்குள்ளயும் இதைத்தான் முழுசாச் சொல்லுவா."

வானிலை அறிக்கை

மெட்ச் தொடங்க முன்னம் அவன்ட தாய் மைக் மேசைக்கு வந்தா. மகன் எங்க விளையாடினாலும் சோத்துப் பார்சலோட பின்னால வாற மனிசி. "மனே, பேரை வாசிச்சிட்டாய், போதும். விளையாட்டுக்குள்ள நம்பரை மட்டும் சொல்லு. பேரை எடுக்காத" எண்டு என்ட கையைப் பிடிச்சா. சத்தியம் பண்ணிக் குடுத்தன்.

முக்கால் மெட்சுக்குச் சத்தியத்தைக் காப்பாத்தினன். மறுகா அவன் நடுக்கோட்டில பந்தை எடுத்து ஒண்டு, ரெண்டு, மூணு பேரை வெட்டிக்கொண்டு வாறான். மைக் பிடிச்ச ஆக்களே, அந்த நேரம் வாய் அரிக்கிற அரிப்பு உங்களுக்குத் தெரியும். ரேடியோவில வானிலை வாசிக்கிறவர்ட குரல் தானா வந்திட்டு: "வங்காள விரிகுடாவில் நிலைகொண்டிருந்த புயல், மேற்குத் திசையாக நகர்ந்து, இன்னும் சில விநாடிகளில்... கோல் கம்பத்தைக் கடக்கும்."

'கடக்கும்' எண்ட சொல்லும் பந்தும் ஒண்டா வலைக்குள்ள விழுந்திச்சு. என்ட சீவியத்தில அவ்வளவு சரியா நேரம் விழுந்ததில்ல. சனம் முழுக்க எழும்பி "புயல்! புயல்!" எண்டு கத்தின கத்து காம்புக்குக் கேட்டிட்டு. ரெண்டு ட்ரக் வந்திச்சு. கோல் போட்டவனைப் போட்ட உடுப்போடயே ஏத்திக்கொண்டு போனாங்க.

தாய் சோத்துப் பார்சலைக் கையில வெச்சுக்கொண்டு நிண்டா. என்னை ஏசுவா எண்டு பார்த்தன், ஏசல்ல. "நல்லாத்தான் செஞ்சாய் மனே. நானும் சிரிச்சிட்டன்."

காம்ப் வாசல்

அடுத்த நாள் நானும் அவவும் போனம். "சூறாவளி சேர், எழுபத்தெட்டுச் சூறாவளி. அதுக்குள்ள பிறந்தவன், அதுதான் அந்தப் பேர்" எண்டு கையால காத்து வீசிக் காட்டினன். தாய் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை நீட்டினா. அங்கத்தப் பெரியவருக்குத் தமிழ் நல்லா விளங்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரேடியோக் குரல் செஞ்சது நீதானே? இங்க செய்" எண்டார்.

செஞ்சன். கோல் கம்பம் வரைக்கும் முழுசாச் செஞ்சன். அவங்க சிரிச்சாப் பொடியனை விட்டிருவாங்க எண்டு நினைச்சன். வாசல் சென்றியில காவலுக்கு நிண்டவங்க வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சாங்க. பெரியவரும் கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சார். மறுகா பத்திரத்தை மெல்லமா மடிச்சுத் தாயிட்டத் திருப்பிக் குடுத்தார். "நல்ல பகிடி. ஆனா அந்தப் பேர்ல இங்க ஒருத்தரும் இல்ல."

கொப்பியில இல்லாத பேர்

மூணு மாசத்தால அதே மைதானத்தில இன்னொரு மெட்ச். அதே டீம், ஒம்பதாம் நம்பர் உடுப்பை ஒருத்தனும் போடல்ல. நான் கொப்பியில உள்ளதை வாசிச்சு முடிய, தாய் மேசைக்கு வந்தா. இந்தமுறை கையில பார்சல் இல்ல. "அவன்ட பேரையும் வாசி மனே" எண்டா.

கொப்பியில இல்லாத பேரை வாசிச்சா என்னையும் ஏத்துவாங்க. அது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். வாசிச்சன். ஆர்ர குரலும் எடுக்காம, என்ட குரல்லயே, "ஒம்பதாம் நம்பர், புயல்வேந்தன்" எண்டன். ஆமிக்காரன் கொப்பியில விரலை வெச்சு மேலயிருந்து கீழ தேடினார், மறுகா கீழயிருந்து மேல தேடினார். மைதானத்தில ஒரு கையும் எழும்பல்ல.

தாய் மரத்தில கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாயை நிமிந்து பார்த்தா. "அது வாவிப் பக்கம் பார்க்குது மனே. காம்புப் பக்கம் திருப்பி வெச்சிட்டு இன்னொருக்காச் சொல்லு."

இவ்வளவுக்குப் பிறகும் நான் மைக்கைக் கையில எடுத்தா, வாய் திறக்க முந்தியே பகிடி வருமெண்டு சனம் சிரிக்கத் தொடங்கிரும், இந்தத் தொழில்ல அதை விடப் பெரிய தண்டனை இல்ல.