அம்மா கீறிவைத்த கால் அளவு

பிள்ளைகள், இதை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசியுங்கள். பெரியவள் தடக்காமல் வாசிப்பாள். சின்னவளுக்கு இடைக்கிடை எழுத்துத் தடக்கும், அந்த இடத்தில் அக்கா வாசித்துக் காட்டட்டும். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழைகள் இருக்கும். சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள். பெரியவளின் ஒரு சோடிச் சப்பாத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். மற்றப் பாதியை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அம்மா ஒவ்வொரு ஆவணியிலும், பள்ளிக்கூடம் தொடங்க முன்னம், உங்கள் கால்களை மட்டையில் பென்சிலால் கீறுவார். கோர்ன்பிளேக்ஸ் பெட்டியை வெட்டி, சாம்பல் நிறப் பக்கம் மேலே வரக் குசினித் தரையில் போட்டு, மாரிக்குப் போடுகிற தடித்த, மொத்தச் சொக்ஸோடு உங்களை ஏறி நிற்கச் சொல்லுவார். காலையில் கீறமாட்டார். பின்னேரம் கால் கொஞ்சம் பெருத்திருக்கும், அதுதான் சரியான அளவு என்பார். பென்சிலை நெட்டுக்குப் பிடித்துக் காலைச் சுற்றி இழுத்துவிட்டு, பெருவிரலுக்கு முன்னால் தன் கட்டைவிரலை வைத்து இன்னொரு கோடு போடுவார். அந்தக் கோடு வரைக்கும் சப்பாத்து இருக்கவேண்டும். அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது, வெளிநாட்டில் இருந்த தன் மாமாவுக்கு இப்படித்தான் காலைக் கீறிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புவாராம். அவர் அதைப் பார்த்துச் சப்பாத்து வாங்கி அனுப்புவாராம். நாங்களே வெளிநாட்டுக்கு வந்து, இங்கே கடை பக்கத்தில் இருந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. "இதுகள் ரெண்டையும் இழுத்துக்கொண்டு போனா அரை நாள். மட்டையோட போனா பத்து நிமிசம்" என்பார். வேலையால் வருகிற வழியில் குரோய்டனில் இறங்கி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

புது மட்டை கீறியதும் பழையதைக் கிழித்துக் குப்பையில் போடுவார். இரண்டும் கலந்தால் பிழையான சப்பாத்து வரும் என்று பயம். அதனால் குசினியில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் எந்த நேரமும் ஆளுக்கு ஒரு மட்டைதான் இருக்கும். மூலையில் பெரியவ, சின்னவ என்று எழுதியிருக்கும்.

பங்குனியில் அம்மா கண்ணை மூடினார். அதை இங்கே எழுதவில்லை.

அந்த ஆவணியில் பெரியவள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக இருந்தாள். பள்ளிக்கூடத்துக் கடிதத்தில் கறுப்புத் தோல் சப்பாத்து, ஓடுகிற சப்பாத்து ஆகாது, பூட்ஸ் ஆகாது என்று போட்டிருந்தது. நான் லாச்சியைத் திறந்தேன். இரண்டு மட்டையும் அம்மா வைத்த இடத்தில், ரசீதுகளுக்குக் கீழே இருந்தன. போன வருடத்து மட்டைகள் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல ஏலாது. உங்களைக் கூப்பிட்டு, புது மட்டை வெட்டி, நானே குனிந்து கீறியிருக்கலாம். பென்சிலைக்கூடக் கையில் எடுத்தேன். பிறகு அந்த மட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு ட்ராம் ஏறிவிட்டேன்.

கடையில் பெண் பிள்ளைகளின் தட்டு முழுக்க மினுங்குகிற சப்பாத்துகள். மேலே ஒரு பூ, கீழே பிஸ்கட் மாதிரி மெல்லிய அடி, பாதத்தின் மேற்பக்கம் திறந்து கிடக்கும். ஒரு மழைக்குச் சொக்ஸ் நனைந்துவிடும். பெடியன்களின் தட்டிலோ மொத்த ரப்பர் அடி, வழுக்காத வெட்டு, விரலுக்கு முன்னால் தடித்த தோல். மழையும் குளிரும் ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற மாதிரி. அம்மா எப்போதும் பெடியன்களின் பக்கத்தில்தான் வாங்குவார். நானும் அங்கேதான் போனேன்.

கடையில் நின்ற நடுவயதுப் பெண் மட்டைகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் அளந்து தருவோமே என்றார். நேரம் இல்லை என்றேன். அவர் மட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எப்போது கீறியது என்று கேட்டார்.

"போன கிழமை" என்றேன்.

இதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது. ஒரு வருடம் ஆகிறது என்றால், ஏன் இந்த வருடம் கீறவில்லை என்று கேட்பார். அதற்கு நான் சொல்லவேண்டிய பதிலை அந்தக் கடைக்குள், சனத்துக்கு நடுவில், என் ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, அந்த அளவிலேயே இரண்டு பெட்டிகளை எடுத்துவந்தார்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் சின்னவள் முகத்தைச் சுளித்தாள்.

"திரும்பவும் பெடியங்கட சப்பாத்தா, அப்பா?"

"அம்மா எங்கை வாங்கிறவ?"

"பெடியங்கட பக்கம்."

"அப்ப கதையாமல் போடுங்கோ."

போட்டுவிட்டு நாலு அடி நடந்தாள். "இறுக்குது. என்ர பெருவிரல் கத்துது."

"விரல் கத்துமே?"

"இது கத்துது. உங்களுக்குத்தான் கேக்கேல்லை."

பெரியவள் ஒரு கதையும் இல்லாமல் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் நடைபாதையில் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "அது அம்மாட மட்டையை வச்சுத்தானே வாங்கினனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம். அம்மாட அளவுதான்."

"அப்ப எனக்குச் சரி, அப்பா."

அம்மா செய்கிற மாதிரி நானும் முழங்காலில் நின்று சப்பாத்தின் முன்பக்கத்தை அமத்திப் பார்த்தேன். என் கட்டைவிரல் உள்ளே போனது. இடம் இருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே அவள் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. சின்னவளின் சப்பாத்தை அடுத்த நாள் மாற்றிக்கொண்டு வந்தேன். ஒருத்தியின் கால் வளர்ந்தால் மற்றவளின் காலும் வளர்ந்திருக்கும் என்று யோசிக்க எவ்வளவு படிப்பு வேண்டும்? எனக்கு அது வரவில்லை. பெரியவள் சரி என்றாள், அதோடு விட்டுவிட்டேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மீனும் மரக்கறியும் உறைய வைத்திருக்கிற குளிர் அறைக்குள் பெட்டி அடுக்கி இறக்குவது. அங்கே கம்பனி தந்த பூட்ஸ் போடுவேன். உள்ளே கம்பளி, முன்னால் இரும்பு. எட்டு மணித்தியாலம் நின்றாலும் கால் சுடச்சுட இருக்கும். நான் விடிய முன்னமே போய்விடுவேன். பெரியவள்தான் சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து தன் பள்ளிக்கூடத்துக்கு அரை மணித்தியாலம் நடப்பாள். நான் வரும்போது நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். நம்முடைய வீட்டில் வாசலோடு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குளிருக்குச் சொக்ஸோடு திரிவோம். அதனால் அந்தச் சப்பாத்தோடு அவள் நடந்ததை, வாங்கின அன்றைக்குப் பிறகு, நான் ஒரு நாளும் காணவில்லை. சப்பாத்தின் குதிப்பக்கம் மிதிபட்டுச் சப்பளிந்திருந்ததைக் கண்டேன். "சப்பாத்தை ஒழுங்காப் போடப் பழகுங்கோ, பிள்ளை" என்று ஏசினேன். அவள் ஓம் என்றாள்.

தை மாதத்தில் ஒரு காலை ரோட்டெல்லாம் பனி இறுகிக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. லொறிகள் வெளிக்கிட ஏலாது, மத்தியானம் வந்தால் போதும் என்று வேலையிடத்தில் இருந்து போன் அடித்தார்கள். அன்றைக்கு நான் உங்களோடு நடந்து வந்தேன். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சறுக்கி விளையாடினாள். பெரியவள் பின்னுக்கு வந்தாள். வழுக்கும் என்று பயந்து மெதுவாக வருகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா பென்குயின் மாதிரி நடக்கிறா" என்றாள் சின்னவள்.

"வாயை மூடு."

"ஐஸ் இல்லாட்டியும் இப்பிடித்தான் அப்பா. உங்களுக்குச் சொன்னா டிவி ரிமோட் தரமாட்டன் எண்டவ."

திரும்பிப் பார்த்தேன். பெரியவள் குதியை மட்டும் ஊன்றி, விரல் நிலத்தில் படாமல், முள்ளுக்கு மேலே நடக்கிற மாதிரி வந்தாள். அது பனிக்குப் பயந்த நடை இல்லை.

பஸ் தரிப்பில் அவளை இருத்தினேன். வேண்டாம் அப்பா, லேட் ஆகுது, ஆக்கள் பாக்கினம் என்றாள். நான் குனிந்து இரண்டையும் கழற்றினேன். சப்பாத்து லேசில் வரவில்லை. சொக்ஸின் முனையில் காய்ந்த இரத்தம், அதையும் உருவினேன். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்திருந்தன. சின்ன விரல்கள் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தன.

பயத்தில் முதலில் கோபம்தான் வந்தது. "விசரே உங்களுக்கு? இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

அவள் சொக்ஸை எடுத்துத் திரும்பப் போடப் பார்த்தாள். சின்னவள் கழற்றின சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கிறன் பிள்ளை. ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் புதுசு கீறுவியள்."

"கீறினா என்ன?"

"அம்மா புதுசு கீறினா பழசைக் கிழிச்சுப்போடுவா. நீங்களும் கிழிச்சுப்போடுவியள்." சொக்ஸைக் கையில் சுருட்டிக்கொண்டு, "அதில அம்மாட எழுத்து இருக்கு" என்றாள்.

நான் அவளின் ஒரு காலை என் ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு பஸ் வந்து நின்று, எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. ஏசினதைத் திருப்பி எடுக்க ஏலாது. பதினொரு வயதுப் பிள்ளை ஒரு மட்டையைக் காப்பாற்றுவதற்காக ஐந்து மாதம் விரலை மடக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். நான் அதே மட்டையைப் பிடித்துக்கொண்டு அவளை அப்படி நடக்க விட்டிருக்கிறேன்.

"கிழிக்கமாட்டன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பா, அக்காட கால் குளிருது" என்றாள் சின்னவள். தன் தொப்பியைக் கழற்றி மற்றக் காலுக்குப் போட்டுவிட்டாள். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகுதான் அழுதாள்.

சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டோம். பெரியவளின் சப்பாத்தைக் குதி மிதித்துச் செருப்பு மாதிரிப் போடவைத்து, என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, குரோய்டனுக்குக் கூட்டிப்போனேன். அதே கடை, அதே பெண். பெரியவளை இருத்தி, மொத்தச் சொக்ஸ் கொடுத்து, எழுந்து நிற்கச் சொல்லி அளந்தார். ஒன்றரை அளவு பெரிது. விரலை நேராக நீட்டி வைத்திரு, மடக்கக்கூடாது என்று அவரே அவளிடம் சொன்னார். அவருக்கு அந்த விளையாட்டுத் தெரியும் போல. வீட்டில் விரலை ஹீட்டருக்குக் கிட்டப் பிடிக்காதீர்கள், மெதுவாகத்தான் சூடேறவேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

பிறகு பழைய சப்பாத்தை எடுத்து உள்ளே இருந்த அளவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். கோடைக்குப் பிறகு நல்லாக வளர்ந்துவிட்டாள் என்றார்.

ஓம் என்றேன். அன்றைக்கும் உண்மை வரவில்லை. பெரியவள் என் பக்கத்தில் இருந்தாள்.

நீங்கள் இருவரும் நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கும்போது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். மொத்தச் சொக்ஸோடு, பின்னேரத்தில். அமத்திப் பார்க்க முன்னம் விரலை நீட்டச் சொல்லுங்கள். அம்மா சொன்னது ஒன்றும் பிழை இல்லை. அவர் கீறின அளவும் பிழை இல்லை, கீறின அன்றைக்கு அது சரியான அளவு. அதற்குப் பிறகும் நீங்கள் வளருவீர்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் கிழித்தார்.

புதுச் சப்பாத்தோடு பெரியவளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டேன். கொஞ்சம் நொண்டினாலும், முழுப்பாதத்தையும் ஊன்றி நடந்து போனாள். அவள் உள்ளே போகும்வரைக்கும் நின்று பார்த்தேன்.

வேலைக்குப் போக ஒரு மணித்தியாலம் இருந்தது. வீட்டுக்கு வந்து, வாசலில் கழற்றிவிட்டு, குசினிக்குள் போய் லாச்சியைத் திறந்தேன். பெரியவளின் மட்டையை மேசையில் வைத்தேன். அம்மா அதில் திகதி எழுதவில்லை. வருடம் முடியக் கிழிக்கிற மட்டைக்குத் திகதி எதற்கு. கீறின அன்றைக்கு நான் அங்கேதான் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாதத்தில் பென்சில் பட்டுக் கூசி, பெரியவள் நெளிந்தாள். ஆடாதை, கோடு பிழைக்குது என்று அம்மா சொன்னார். குதிப் பக்கத்தில் கோடு ஒரு இடத்தில் கொஞ்சம் வெளியே ஓடியிருக்கிறது, பார்த்தால் தெரியும்.

பேனையை எடுத்து, அம்மாவின் எழுத்தில் முட்டாமல், கீழ் மூலையில், கீறின அந்த மாதத்தையும் வருடத்தையும் எழுதினேன். மை காயும்வரைக்கும் நின்றேன். பிறகு மட்டையை அதன் இடத்தில் வைத்து லாச்சியை மூடினேன்.