ஈரத் தலையில் எண்ணெய்

வரலட்சுமிக்குச் சின்ன வயதிலிருந்தே தேங்காய் நார் மாதிரி முடி. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மணல்போல் குடித்துவிடும்; துவட்டிவிட்டுத் துணி உலர்த்தி வருவதற்குள் சருகாகக் காய்ந்து விறைத்து நிற்கும். ஆவடிப் பக்கத்துச் சேக்காட்டில், அவள் ஊரில், அவளைப் ‘பரட்டை’ என்று கூப்பிடாதவர்கள் குறைவு. எண்ணெய் வை, எண்ணெய் வை என்றார்கள் எல்லாரும். வைத்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்ததே தவிர முடிக்குள் இறங்கவில்லை.

எண்பத்து நான்கு ஐப்பசியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலை முடிந்து வந்தவள் மழையில் தொப்பலாக நனைந்துவிட்டாள். துவட்டப் பொறுமையில்லாமல், சொட்டுகிற தலையிலேயே விளக்கெண்ணெயைத் தடவிப் பின்னிக்கொண்டு படுத்தாள். காலையில் அவிழ்த்தபோது முடி மெத்தென்று இருந்தது. நாலு நாளைக்கு அப்படியே இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக அவளே கண்டுகொண்டாள். சீயக்காய் முடியை இன்னும் வறட்டுகிறது. செம்பருத்தி இலையைக் கசக்கிய கொழகொழப்பே போதும். போர் தண்ணீரின் உப்பு ஆகாது. பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் கடைசியாக அலச வேண்டும். ஈரம் போவதற்குள் எண்ணெய் பூசி, அந்த ஈரத்தை உள்ளேயே நிறுத்த வேண்டும்.

தையல் கிளாஸில் சிநேகமானவள் பார்வதம். தஞ்சாவூர்ப் பக்கம், புருஷனுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. இந்த ஊர்த் தண்ணீரில் முடியெல்லாம் காய்ந்து ஒடிகிறதென்று ஒருநாள் அழுதாள். இரண்டு வருஷம், ஞாயிறுதோறும் வரலட்சுமி அவள் வீட்டுக்குப் போய்த் தலை தேய்த்துவிட்டாள். கூடப் பிறந்தவள் மாதிரி பழக்கம். ஒருமுறை மொட்டைமாடியில், தலைக்கு ஊற்றிக்கொண்டு இன்னும் எண்ணெய் பூசாமல், காற்றில் முடி பரட்டையாகப் பறக்க வரலட்சுமி சிரித்துக்கொண்டு நின்றபோது பார்வதத்தின் புருஷன் போட்டோ எடுத்தார்.

தொண்ணூற்றொன்றில் பார்வதம் மார்க்கெட் பக்கம் பியூட்டி பார்லர் திறந்தாள். வரலட்சுமி கதம்பமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததுமே சுவரில் அந்தப் போட்டோ. கீழே ‘முன்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ‘பின்’: பார்வதத்தின் பளபளக்கும் கூந்தல், முதுகுப்பக்கமாக எடுத்தது.

“இன்னாக்கா இது? என் போட்டோ இன்னாத்துக்கு இங்க கீது?”

“மெதுவாப் பேசுடி. மூஞ்சிதான் சரியா தெரியலியே, யாருக்கு அடையாளம் தெரியப் போவுது?”

நாற்காலியில் இருந்த பெண் திரும்பி, போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அட, நீங்கதானா அது! இப்ப முடி எவ்ளோ நல்லா கீது! எல்லாம் அக்கா செஞ்சதா?”

வரலட்சுமி பார்வதத்தைப் பார்த்தாள். ‘இல்லை’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“ஆமா, நாலு மாசம் கஷ்டப்பட்டேன்” என்றாள் பார்வதம், சீப்பை நிறுத்தாமல்.

“பொய்யி! இந்தம்மா தலைக்கு ரெண்டு வருசம் தேச்சு உட்டதே நான்தான்” என்றாள் வரலட்சுமி. அந்தப் பெண் பார்வதத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. வரலட்சுமி போட்டோவைப் பிய்த்தெடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியேறினாள். பார்வதம் தடுக்கவுமில்லை, பின்னால் வரவுமில்லை.

அந்த மாதம் முழுக்க அவள் தலையைக் கவனிக்கவில்லை. முடி பழையபடி நாராகி நுனி வெடித்தது. “போனாப் போவுது, ஒரு எண்ணெ விசயம்தானே” என்றான் புருஷன் கஜபதி.

“எண்ணெய்க்கா அழுவறேன்? என் மூஞ்சிய பாத்துகினே பொய்யி சொன்னாய்யா அவ.”

பிறகு மறுபடி தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். கம்பெனியில் யார் கேட்டாலும் முறையைச் சொல்லிக்கொடுத்தாள்; ஆனால் யார் தலையையும் தொடவில்லை, யார் வீட்டுக்கும் போகவில்லை. தொண்ணூற்றாறில் பார்வதத்தின் புருஷனுக்கு மாற்றலாகி, ஊரைவிட்டுப் போகுமுன் அவள் வந்து வாசலில் நின்றாள்.

“போய்ட்டு வர்றேன்டி. மனசுல வச்சுக்காத.”

வரலட்சுமி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே கூப்பிடவில்லை. சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “ரயிலுக்கு நேரமாவுது பாரு” என்றாள்.