நிழல் படக்கூடாத சீசா

மார்கழி பிறக்கப் போகிறது என்பதை எங்கள் வீட்டில் சின்ன அத்தையின் முழங்கைதான் முதலில் சொல்லும். சிறுமலைப் பக்கமிருந்து பனி இறங்கத் தொடங்கியதும், அப்பாவின் தங்கையான அவளுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் தோல் சிவந்து தடித்துச் செதில் செதிலாக உரியும். அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் தவிட்டைச் சிந்தியது போலக் கிடக்கும். வேறு யாரும் பார்ப்பதற்குள் அம்மா அதைப் பெருக்கிவிடுவாள். வெயில் காலத்தில் எல்லாம் அடங்கி, அடுத்த குளிருக்குத் தவறாமல் வந்துவிடும். அத்தையைப் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

இப்போது அதைச் சொரியாசிஸ் என்று சொல்கிறார்கள். அன்று நாட்டு வைத்தியர் காளாஞ்சகப்படை என்றார். ஊர் அவ்வளவு நீளமான பெயருக்கெல்லாம் காத்திருக்காது. தோலில் எதைப் பார்த்தாலும் பெருநோய் என்று சொல்லிவிடும். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று வைத்தியரும் சொன்னார், திண்டுக்கல் டவுன் டாக்டரும் சொன்னார். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டில் பெண் எடுக்கப் போவதில்லையே.

முந்தின வருஷம் தை மாதத்தில் நெய்க்காரப்பட்டிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் அத்தையைப் பார்க்க வந்தது. அத்தை காபித் தம்ளரை நீட்டும்போது ரவிக்கைக் கை கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று எழுந்துவிட்டார். ஒருவரும் தம்ளரைத் தொடவில்லை. அந்தக் காபியை அம்மா வாய்க்காலில் கொட்டினாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அதனால் அந்த மார்கழியில் அம்மா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். டவுன் டாக்டர் கொடுத்த களிம்பு ரோடு போடுகிற தார் மாதிரி நாறியது. அதை அத்தை பூச மறுத்தாள். மிச்சமிருந்தது நாட்டு வைத்தியர் சொன்ன வழிதான். சோப்பு கூடாது, பாசிப்பயறு மாவுதான். வேப்பிலையும் அருகம்புல்லும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளியல். காலையில் பின்கட்டில் சேலையை மறைப்பாகக் கட்டி, இளவெயில் படும்படி கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகவே ஆகாது. எங்கள் தோட்டத்தில் அந்த வருஷம் விளைந்ததெல்லாம் கத்தரிக்காய். கருவாடு என்றால் அத்தைக்கு உயிர். பத்தியம் சொல்கிற வைத்தியர்கள் எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் சொல்வார்கள் போலிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே வெட்பாலை எண்ணெய். அப்பா சிறுமலை அடிவாரத்திலிருந்து இலை பறித்து வருவார். கத்தி படாமல் கையாலேயே கிள்ளி, தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடிச் சீசாவில் அடைத்து வெயிலில் வைக்க வேண்டும். பச்சை இலை, வெள்ளை எண்ணெய். வெயில் ஏற ஏற அது கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். எண்ணெயில் நிறம் இறங்கும்வரை அதன்மேல் நிழல் படக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. காலை வெயில் பின்கட்டில், மதியத்துக்கு மேல் முன்வாசலில். சீசாவை இங்கிருந்து அங்கே கொண்டுபோவது என் பொறுப்பு. "யாரு வந்தாலும் போனாலும் நெழலு படவிடாத தாயி" என்று சொல்லியிருந்தாள். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. நான் அதை மிகவும் கெடுபிடியாகச் செய்தேன்.

அந்த எண்ணெய் பட்ட துணியில் ஊதாக் கறை பிடித்துவிடும், லேசில் போகாது. கொடியில் காய்ந்த ரவிக்கைகளைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரி இது என்ன கறை என்று கேட்டாள். அம்மா யோசிக்கவேயில்லை. "சின்னவ சுங்குடிச் சீலைக்குச் சாயம் போடப் பழகுறா" என்றாள். அடுத்த வீட்டுக்காரிக்குச் சொன்னது ஊருக்குச் சொன்னது மாதிரி. தை பிறந்ததும் சின்னாளப்பட்டியிலிருந்து ஆள் வந்தது. எங்கள் சொந்தத்திலேயே அங்கே சாயப்பட்டறை வைத்திருந்த ஒரு குடும்பம், சாயவேலை தெரிந்த பெண் என்று கேள்விப்பட்டுப் பெண் பார்க்க வருகிறார்களாம். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானும் போட்டிருந்தார். டவுனில் அதுதான் நாகரிகம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை நீளக்கை ரவிக்கையோடு வந்து காபி கொடுத்தாள். இந்தத் தடவை கை ஏறவில்லை. அம்மாவுக்கு மூச்சு வந்தது.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாயம் போடுறவளுக்கு நகக்கண்ணுல கறை இருக்கும். ஒனக்கு வெரலெல்லாம் சுத்தமா இருக்கு. ரவிக்கையில முழங்கைக்கிட்டதான் கறை இருக்கு. முழங்கையிலயா ஆத்தா சாயம் போடுற?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டில் சீசாவின்மேல் நிழல் விழுந்தது. கடமை என்றால் கடமைதான். நான் சீசாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் நடுவே முன்வாசலைப் பார்த்து நடந்தேன். அம்மாவின் முகம் போன போக்கை நான் கவனிக்கவில்லை. கண்ணெல்லாம் சீசாவில் இருந்தது.

"நில்லு" என்றார் அந்த அம்மா. சீசாவை வாங்கி, மூடியிருந்த துணியை அவிழ்த்து மோந்து பார்த்தார். "இது யாருக்கு?"

தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் என்று அம்மா ஆரம்பித்தாள். அத்தை அவளை முடிக்கவிடவில்லை. "எனக்குத்தாங்க. சாயமெல்லாம் எனக்குத் தெரியாது. மதினி என்னையக் காப்பாத்தச் சொன்னது" என்று சொல்லிவிட்டு, ரவிக்கைக் கையை அவளே மேலே ஏற்றினாள். "குளிருக்குக் கூடும், வெயிலுக்கு அடங்கும். முழுசாப் போகாதுன்னு வைத்தியரு சொல்லிட்டாரு. ஒட்டாது. பாத்துக்கங்க." முழங்கையை அவர் பக்கம் நீட்டினாள்.

அந்த அம்மா குனிந்து நிதானமாகப் பார்த்தார். அப்புறம் விரலால் தொட்டும் பார்த்தார். எங்கள் வீட்டார் தவிர அந்த இடத்தைத் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

"கத்திரிக்கா திங்கிறியா?"

"தொடுறதில்லங்க."

"கருவாடு?"

"அடுத்த வீட்டுல சுடுறப்ப மோந்து பாக்குறதோட சரி."

அதுவரை குனிந்த தலை நிமிராத மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்துவிட்டார். அவருடைய அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆறிப்போன காபியை எடுத்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். அதைப் பார்த்ததும் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். எதற்கு அழுகிறாள் என்று பார்க்கப் பின்னாலேயே போனேன், அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது அந்த அம்மா, "இந்த எண்ணெயில செத்த ஊத்திக் குடுங்க. எங்க பட்டறையில எங்க பாத்தாலும் துணி காயுது, சீசா வைக்கத் தோதான எடமில்ல" என்றார். அவர்களுக்கு எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். அப்பா மட்டும் மாப்பிள்ளையின் மணிக்கட்டுப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. தலைப்பொங்கலுக்கு அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். கொடியில் அத்தையின் ரவிக்கையும் மாமாவின் முழுக்கைச் சட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தன. இரண்டிலும் முழங்கை வருகிற இடத்தில் அதே ஊதாக் கறை. எனக்கு அத்தையை நினைத்துக் கவலையாகிவிட்டது.

"அத்தே, மாமாவுக்குச் சாயவேலையே தெரியல. நகக்கண்ணுல கறை இல்ல, முழங்கையிலதான் இருக்கு" என்றேன்.

அத்தை சிரித்த சிரிப்பில் மாமாவே வெளியே வந்து என்ன என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல், "நெழலு வந்திருச்சு பாரு, ஓடுத்தா" என்று என்னை விரட்டினாள். ஓடினேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த மார்கழியிலிருந்து அம்மா இரண்டு சீசா வைக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு சீசாவோடு தீர்ந்த வேலைக்கு இப்போது இரண்டு நடை. எனக்கு ஏன் வேலை கூடியது என்று முணுமுணுத்தபடியே தூக்கிக்கொண்டு நடந்தேனே தவிர, எண்ணெய் ஏன் கூடியது என்று யாரையும் கேட்கவில்லை.